‘பழைய’ என்ற சொல்லை அழித்த ஊர்

கீழ் டன்வெல் இனிமேல் ஒரு கிராமமே அல்ல என்ற செய்தி, நவம்பர் மாதத்து ஈர மாலை ஒன்றில், ஊர் மண்டபத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது சொல்லப்பட்டது. சொன்னவர் ஊர்ச்சபைத் தலைவர் பெரிக்ரின் ஹாஸ்கட். லண்டனில் ஒரு காப்பீட்டுக் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கீழ் டன்வெல்லுக்கு வந்து, ஊரின் ஒரே மதுக்கடையான ‘கலப்பை’யை விலைக்கு வாங்கி, மூடி, வீடாக மாற்றிக் குடியேறினார். கிராமத்து வாழ்க்கையின் மேல் அவருக்கு அவ்வளவு பற்று.

தெல்மா ரட்ஜ் கடைசி வரிசையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் வந்தது வேறு விஷயமாக. அவள் புருஷன் சிரிலுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. வியாழக்கிழமைதோறும் மினிபஸ்ஸில் ஸ்டோக்பரிக்கு, நினைவாற்றல் சிகிச்சை மையத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவாள். பஸ் நிற்கிற இடமோ காஞ்சொறிச் செடி மண்டிய ஒரு சரிவு. மழையில் சிரில் அங்கே வழுக்குகிறார். சாலையின் எதிர்ப்பக்கம் செங்கல்லில் கட்டிய நிழற்குடை ஒன்று, பூத்தொட்டிகளோடு சும்மா நிற்கிறது. பஸ் அங்கே நிற்கக்கூடாதா என்று கேட்கத்தான் வந்திருந்தாள். பொதுமக்கள் பேசுவதற்குக் கூட்டத்தின் முடிவில் மூன்று நிமிடம் உண்டு.

“மாவட்டக் கவுன்சில் புது விதி கொண்டுவந்திருக்கு,” என்றார் ஹாஸ்கட். “நடைமுறையில இருக்கற பொது வசதி அஞ்சு இருந்தாத்தான் ஒரு இடத்துக்குக் கிராமம்னு பேரு. அதுக்குக் குறைஞ்சா ‘வீட்டுத் தொகுப்பு’.”

யாரோ கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார்கள்.

“மேல் டன்வெல்லுக்கு ஆறு இருக்கு,” என்றார் ஹாஸ்கட், குரலைத் தாழ்த்தி.

மேல் டன்வெல் குன்றின் அடியிலும் கீழ் டன்வெல் குன்றின் மேலும் இருக்கின்றன. ஏன் என்று இரண்டு ஊரிலும் யாரும் கேட்பதில்லை. கேட்கிறவன் வெளியூர்க்காரன் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

“நம்ம சரித்திரம் என்ன, பாரம்பரியம் என்ன,” என்று ஹாஸ்கட் தொடர்ந்தார். “உள்நாட்டுப் போர்ல ஒரு படை நம்ம ஊர் வரைக்கும் வந்து, ஒண்ணும் எடுக்க முடியாம திரும்பிப் போயிருக்கு.” எடுக்க எதுவும் இருக்கவில்லை என்பதே உண்மை, ஊர்ப்பலகையில் அது ‘முற்றுகையை முறியடித்த வீரம்’ என்று பொறிக்கப்பட்டிருந்தது. “அப்படிப்பட்ட ஊரைத் தொகுப்புன்னு கூப்பிடறதா? வீட்டு விலையைப் பத்தி நான் பேசவே இல்லை. கிராமத்து வீடுன்னா ஒரு விலை, தொகுப்பு வீடுன்னா ஒரு விலைங்கறது என் மனசுல வரவே இல்லை. நேத்து ராத்திரி பூரா தூக்கம் வராம யோசிச்சப்பகூட வரலை.”

கையில் இருப்பதைக் கணக்குப் பார்த்தார்கள். மாதம் ஒருமுறை திறக்கும் தேவாலயம், அதைச் சேர்ந்த இந்த மண்டபமும் உட்பட. பஸ் வராத நிழற்குடை. போன் இல்லாத போன் கூண்டு. இதயம் நின்றுபோனால் மின்சாரம் கொடுத்து எழுப்புகிற பெட்டி ஒன்று அதற்குள் இருந்தது. கோடையில் சேறாகிவிடும் வாத்துக்குளத்தை விதி ஏற்காது. ஆக மூன்று.

“மூணுதானான்னு மலைக்க வேண்டாம்,” என்றார் ஹாஸ்கட். “சுத்திப் பாருங்க. பழைய பள்ளிக்கூடம் இருக்கு. பழைய ரொட்டிக்கடை, பழைய கொல்லன் பட்டறை, பழைய தபால் நிலையம் எல்லாம் இருக்கு. நமக்கும் அந்த வசதிகளுக்கும் நடுவுல நிக்கறது ஒரே ஒரு வார்த்தை. அந்த ‘பழைய’வை அழிச்சுட்டா வேலை முடிஞ்சுது.”

அவர் சொன்னவை எல்லாம் வீடுகள். பள்ளிக்கூடம் மூடியபின் அதை வாங்கியவர்கள் வாசலில் ‘பழைய பள்ளிக்கூடம்’ என்று அழகாகப் பலகை மாட்டினார்கள். ஊரில் எது மூடினாலும் இப்படி ஒரு பலகை முளைக்கும்.

“அப்போ உங்க வீடு?” என்று கேட்டாள் மாவிஸ் பியூ. தெல்மாவின் பக்கத்து வீட்டுக்காரி. வாயில் எதுவும் தங்காது. “பழைய கலப்பைன்னு பலகை தொங்குதே. அழிச்சா கலப்பை ஆயிடும். நாங்க குடிக்க வரலாமா?”

“நல்ல கேள்வி. என் சொந்த வீட்டைப் பத்தின விவாதத்துல நான் உட்கார்ந்திருக்கறது முறையில்லை. அதனால கூட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் வெளியே போய் நின்னேன். நான் இல்லாதப்போ அதைப் பத்திப் பேச யாருக்கும் தோணலை. ஆகவே அது அப்படியே இருக்கும்.”

தீர்மானம் நிறைவேறியது. பிறகு தெல்மாவின் முறை வந்தது. அவள் எழுந்து பஸ்ஸைப் பற்றிக் கேட்டாள். ஊர்ச்சபைச் செயலாளர் ஹிலரி டூவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள்.

“நிழற்குடை பாரம்பரியச் சின்னம், மிஸஸ் ரட்ஜ். பக்கத்துல பஸ் வந்தா அதிர்வுல செங்கல் விரிஞ்சுடும்.”

“அப்போ பஸ் எங்கேதான் நிக்கறது?”

“பஸ் நிக்கறது எங்க அதிகாரத்துல வராதும்மா. நிழற்குடை நிக்கறது மட்டும்தான் வரும்.”

மூன்று நிமிடம் முடியுமுன்பே தெல்மா உட்கார்ந்துவிட்டாள். 

மறுவாரம் பெயின்டர் வந்தான். ரட்ஜ் தம்பதி குடியிருந்த வீடு ஊர்ச்சபைக்குச் சொந்தம், வாடகைக்குத்தான் இருந்தார்கள். மற்றவர்களுடைய பலகைகள் ஒரு வேடிக்கை என்றால் இந்த வீட்டுப் பலகை அப்படியல்ல. ‘பழைய தபால் நிலையம்’ என்ற பலகை தொங்கிய அந்த வீட்டில், அதை நடத்திய சிரிலே இன்னும் குடியிருந்தார். முன்னறையில் அந்த மரக்கவுண்டர் இன்னும் இருந்தது. தபால் துறை மேலிடம் அதை ஒரு நாள் மூடிவிட்டது. அதற்குப்பின் வெகு காலம் விடியுமுன் எழுந்து, சவரம் செய்துகொண்டு, செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் சமையலறையில் நின்றுகொண்டிருப்பார். அந்தப் பழக்கத்தை விடவைக்கத் தெல்மா பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

பெயின்டர் ‘பழைய’ என்ற சொல்லின் மேல் வெள்ளையடித்துவிட்டுப் போனான். சிரில் கைத்தடியோடு வாசலுக்கு வந்து நிமிர்ந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய், அலமாரியைத் திறந்து, தன் நீல டையை எடுத்தார்.

“தெல்மா, இதை இஸ்திரி போட்டுக் கொடுக்கறியா? திறந்துட்டாங்கபோல. என்கிட்ட ஒருத்தரும் சொல்லவே இல்லை.”

தெல்மா உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை எடுத்தாள்.

அதற்காக அவள் பின்னால் தன்னைத்தானே கடிந்துகொண்டதுண்டு. ஆனால் அந்த வாரங்களில் சிரில் நன்றாகச் சாப்பிட்டார். தெருவில் வழிதவறி அலைவது நின்றது. காலையில் கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் மதியம் வரை அங்கேயே இருப்பார். தெல்மா நிம்மதியாகத் துணி துவைத்தாள். அந்த நிம்மதியே அவளை உறுத்தியது.

சோதனை அதிகாரி வருவதற்குள் வசதிகள் எல்லாம் ‘நடைமுறையில்’ இருக்கவேண்டும் என்று ஹிலரி ஒத்திகைகள் ஏற்பாடு செய்தாள். பள்ளிக்கூடத்துக்காரர்களுக்குப் பிள்ளைகள் இல்லை; அண்ணன் வீட்டுப் பிள்ளைகளை இரவல் வாங்கி வந்து ஜன்னலோரம் உட்காரவைத்தார்கள். பட்டறைக்காரர் பங்குச் சந்தையில் வேலை பார்த்தவர். தோல் ஏப்ரன் கட்டிக்கொண்டு அறையைச் சூடாக்கும் பழைய ரேடியேட்டர் ஒன்றைச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். ரொட்டிக்கடை வீட்டு அம்மாள் ஸ்டோக்பரி சூப்பர் மார்க்கெட்டில் ரொட்டி வாங்கி, உறையைக் கிழித்து, அடுப்பில் சூடுபண்ணி அடுக்கினாள். புதன்கிழமை காலைகளில் தபால் நிலையத்தில் வரிசை நின்றது. ஆளுக்கு ஒரு அட்டைப்பெட்டியை ஹிலரி கொடுத்தனுப்புவாள்.

சிரில் ஒவ்வொரு பெட்டியையும் சமையலறைத் தராசில் வைப்பார். “எங்கே போகணும்?”

“எங்கேயாவது அனுப்புங்க சிரில், பரவாயில்லை,” என்பார்கள்.

“எங்கேயாவதுன்னு ஒரு ஊர் இல்லையே. ஊர் பேர் சொல்லுங்க.”

வரிசையில் சிரிப்பு எழும். மாவிஸ் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு ஊர் பெயரைச் சொல்லிவிடுவாள். ஒரு புதன்கிழமை எல்லாரும் போனபிறகு சிரில் சாப்பாட்டு மேஜையில் ஸ்பூனைக் கீழே வைத்தார்.

“பெட்டி எல்லாம் காலியா இருக்கு, தெல்மா.”

“லேசான சாமானா இருக்கும்.”

“இருக்கும்,” என்றார் அவர்.

மார்ச் மாதம் சோதனை அதிகாரி வந்தார். டாரன் பிளைத் என்ற இளைஞர். கையில் கணினிப் பலகை, காலில் அந்தச் சேற்றுக்குப் பொருந்தாத ஷூ. ஹாஸ்கட் அவரைக் குளக்கரையில் நிறுத்தி, ஊரின் பூகோளத்தையும் முற்றுகையையும் அரை மணி நேரம் விளக்கினார். “இங்கே யாருக்கும் வெளியே போகணும்னே தோணாது,” என்று முடித்தார். “போகறதுக்கு வழியும் அதிகம் இல்லை. அதுதான் இந்த ஊரோட அழகே.” பிளைத் அதைக் குறித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை தன் அம்மா எப்போது வருவாள் என்று அவரிடம் கேட்டது. பட்டறையில் ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் பீறிட்டது. எல்லாவற்றையும் பிளைத் முகம் மாறாமல் குறித்துக்கொண்டு தபால் நிலையத்துக்கு வந்தார். வரிசை தயாராக நின்றது. அவரும் கடைசியில் போய் நின்றார். அவரிடம் மட்டும் உண்மையாகவே அனுப்பவேண்டிய ஒன்று இருந்தது. அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து அட்டை.

“எங்கே போகணும் தம்பி?”

“அபர்டீன்.”

சிரில் நிமிர்ந்தார். தெல்மா கதவோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன், அஞ்சல் தலை வாங்குகிற சாக்கில் அவள் இந்தக் கவுண்டருக்கு வந்துபோன நாளில் இருந்த அதே முகம்.

“என்னிக்குப் பிறந்தநாள்?”

“சனிக்கிழமை.”

“அப்போ முதல் வகுப்புல போடணும். மலைப்பக்கம் பனி இருந்தா தாமதமாகும். அம்மா தனியா இருக்காங்களா?”

“ஆமா.”

“அப்போ ஒரு நாள் முன்னாடியே போய்ச் சேரட்டும். தனியா இருக்கறவங்க காலையிலிருந்து வாசலைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க.” அட்டையை வாங்கி, இழுப்பறையில் மிச்சமிருந்த அஞ்சல் தலை ஒன்றை ஒட்டி, கையால் அழுத்தித் தடவி, கோணிப்பையில் மெல்லப் போட்டார்.

பிளைத் கணினிப் பலகையில் எதையோ தட்டினார். பிறகு, “இப்படி ஒரு சேவையை நான் எந்த ஊர்லயும் பார்த்ததில்லை,” என்றார். கீழ் டன்வெல்லுக்கு ‘தன்னிறைவுக் கிராமம், முதல் நிலை’ என்ற பட்டம் அன்றே கிடைத்தது. மேல் டன்வெல் இரண்டாம் நிலை. அன்று தேவாலய மணியை அடித்தார்கள்.

வாழ்த்து அட்டை பையிலேயே கிடந்தது. அதை எடுத்துப்போக எந்த வண்டியும் வராது என்று தெல்மாவுக்குத் தெரியும். வியாழக்கிழமை அதைக் கைப்பையில் ஒளித்துக்கொண்டு, சிரிலையும் கூட்டிக்கொண்டு, காஞ்சொறிச் சரிவில் மினிபஸ் ஏறினாள். ஸ்டோக்பரியில் இறங்கும்போது டிரைவர் வின்ஸ் அவள் கையைப் பிடித்து இறக்கிவிட்டான்.

“இன்னும் ஒரு வியாழக்கிழமைதான் தெல்மா. அதோட இந்த ரூட்டு முடிஞ்சுது.”

“ஏன், வண்டி பழுதா?”

“வண்டிக்கு என்ன கேடு. உங்க ஊர்லயே எல்லாம் இருக்காமே. பள்ளிக்கூடம், ரொட்டிக்கடை, தபாலாபீசு. முதல் நிலை ஊருக்கு எதுக்கு பஸ்ஸுன்னு மாவட்டத்துல நிறுத்திட்டாங்க. இனி மேல் டன்வெல்லுக்கு மட்டும்தான். அவங்க பாவம், ரெண்டாம் நிலை.”

தெல்மா தெருமுனைத் தபால் பெட்டியில் அட்டையைப் போட்டாள்.

அடுத்த ஊர்ச்சபைக் கூட்டத்தில் அவளுடைய மூன்று நிமிடம் இரவு உணவு நேரத்தைத் தாண்டி வந்தது. பட்டத்துக்குச் சட்டம் போடுவதா, கல்லில் பொறிப்பதா என்ற விவாதம் நீண்டுவிட்டது.

“பஸ் நின்னுடுச்சு,” என்றாள் தெல்மா. “என் வீட்டுக்காரரை நான் எப்படி ஸ்டோக்பரிக்குக் கூட்டிட்டுப் போவேன்? எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.”

ஹாஸ்கட் பரிவோடு தலையசைத்தார். “உங்க கஷ்டம் புரியுது. ஆனா கொஞ்சம் உயரத்துல இருந்து பாருங்க. பஸ்ஸை நிறுத்தினாங்கன்னா என்ன அர்த்தம்? நாம ஜெயிச்சுட்டோம்னு அர்த்தம். வசதி இல்லாத ஊருக்குத்தான் பஸ் விடுவாங்க.”

“அவருக்கு வைத்தியம் வேணும்.”

“அவசரம்னா போன் கூண்டுல பெட்டி இருக்கு,” என்றாள் ஹிலரி.

“அது இதயம் நின்னவங்களுக்கு. இவருக்கு இதயம் நல்லாத்தான் இருக்கு.”

“அப்போ பயப்பட வேண்டியதே இல்லையே,” என்றார் ஹாஸ்கட். அவர் கேலி செய்யவில்லை. மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

ஏப்ரலில் சிகிச்சை தட்டுத்தடுமாறி நின்றுபோனது. மாவிஸுக்குத் தெரிந்த ஒருவர் இரண்டு தடவை காரில் கூட்டிப்போனார்; பிறகு அவருக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை. பட்டம் கிடைத்துவிட்டதால் வரிசையும் நின்றுபோனது. சிரில் டை கட்டிக்கொண்டு யாரும் வராத கவுண்டரில் உட்கார்ந்திருந்தார். காலிப் பெட்டிகள் சுவரோரம் அடுக்கியபடி கிடந்தன. “வண்டி வரலை,” என்பார். “சரக்கு தேங்குது.” தெல்மா ஏதாவது பதில் சொல்வாள். என்ன சொன்னாள் என்று அவளுக்கே பிறகு நினைவிருக்காது.

மே மாதத்தில் ஒரு நாள் அவள் கொல்லைப்புறத்தில் இருந்தபோது சிரில் பெட்டிகளைக் கோணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. தெல்மா குளக்கரையில் தேடினாள், தேவாலயத்தில் தேடினாள், காஞ்சொறிச் சரிவுக்கு ஓடினாள். மதியத்துக்கு மேல் மாவிஸ்தான் கண்டுபிடித்தாள். நிழற்குடைக்குள், பூத்தொட்டிகளுக்கு நடுவில், மடியில் பையோடு, முழுக்க நனைந்து உட்கார்ந்திருந்தார். அந்தப் பாரம்பரியச் சின்னத்துக்கு முன்சுவர் கிடையாது.

“தபால் வண்டி ரொம்ப லேட்,” என்றார். பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன.

ஆம்புலன்ஸ் வந்து எடுத்துப்போனது. நெஞ்சில் சளி கட்டி, சில நாள் பிழைப்பாரா என்றே சந்தேகமாக இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மாவிஸ் தன் போனை நீட்டினாள்.

“ஏடி தெல்மா, இதைக் காட்டறதா வேண்டாமான்னு இருந்தேன். நீயே பாரு.”

ஊர்ச்சபையின் இணையப் பக்கம். அதில் சிரிலின் படம். நிழற்குடையில், பையை அணைத்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி இருந்தார். கீழே ஒரு வரி: ‘நமது பாரம்பரிய நிழற்குடையை மகிழ்ச்சியுடன் பயன்படுத்தும் உள்ளூர்வாசி’. அவர் காணாமல் போன காலையிலேயே போட்டிருந்தார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் தெல்மா நேராக ஹிலரியின் வீட்டுக்குப் போனாள்.

“நீங்க படம் எடுத்தப்போ மழை பெய்யலையா?”

“நல்லா பெய்ஞ்சுதே,” என்றாள் ஹிலரி. “அதனாலதான் படம் அவ்வளவு அருமையா வந்துச்சு. இத்தனை வருஷத்துல அதுக்குள்ள ஒரு ஆள் உட்கார்ந்திருக்கற படம் எங்ககிட்ட இருந்ததே இல்லை.”

“அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்திருக்கலாமே.”

ஹிலரி உண்மையாகவே குழம்பினாள். “அவர் பஸ்ஸுக்குக் காத்திருக்கார்னு நினைச்சேன்.”

“பஸ்தான் வராதே.”

“அது அவருக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

தெல்மா வீட்டுக்கு வந்தாள். ஏணியை எடுத்துப் பலகையைப் பிடுங்கிப் போடலாமா என்று கொஞ்ச நேரம் வாசலில் நின்று பார்த்தாள். கை வரவில்லை. அவர் பிழைத்து வந்தால் முதலில் அதைத்தான் தேடுவார்.

சிரில் பிழைத்தார். மெலிந்து, முன்னைவிட மறதியோடு. ஸ்டோக்பரியில் சிகிச்சை மையத்துக்குப் பக்கத்திலேயே தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு காலியாக இருப்பதாகத் தங்கை மகள் ரோவினா பார்த்துச் சொன்னாள். தெல்மா ஒத்துக்கொண்டாள். வீட்டைக் காலி செய்யப்போகிற சேதி ஊர்ச்சபைக்கு எட்டியதும் ஹாஸ்கட் நேரிலேயே வந்தார், ஒரு பூங்கொத்தோடு.

“உங்க இஷ்டத்துக்கு நாங்க குறுக்கே நிக்கமாட்டோம், மிஸஸ் ரட்ஜ்,” என்றார். “நீங்க தாராளமா போகலாம். சிரிலை மட்டும் வார நாள்ல விட்டுட்டுப் போக முடியுமா?”

தெல்மா பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க. முதல் வருஷம் எந்த நாளும் திடீர்னு மறுசோதனைக்கு வருவாங்களாம். ஜன்னல் வழியா பார்த்தா கவுண்டர்ல ஒரு ஆள் தெரியணும். சனி, ஞாயிறு அவர் முழுக்க உங்களோடதான்.”

“அவர் என் புருஷன், மிஸ்டர் ஹாஸ்கட்.”

“கண்டிப்பா. அதை யாரும் மறுக்கலை. ஆனா ஒரு விதத்துல அவர் ஊருக்கும் சொந்தம். மாவட்டத்துக்குக் கொடுத்த வசதிகள்ல அவர் நாலாவது.”

தெல்மாவுக்குக் கோபம் வரும் என்று அவளே எதிர்பார்த்தாள். வரவில்லை. ரொம்பக் களைப்பாக இருந்தது. சாவியை மேஜைமேல் வைத்தாள்.

“ஆள் வேணும்னா நீங்களே வந்து உட்காருங்க,” என்றாள். “பெரிய வேலை ஒண்ணும் இல்லை. காலையில வந்து உட்காரணும். அவ்வளவுதான்.”

ஹாஸ்கட் சிரித்தார். பிறகு சாவியைப் பார்த்தார். யோசிக்கத் தொடங்கினார்.

கிளம்புகிற நாள் காலையில் ரோவினா காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சிரிலை முன்சீட்டில் உட்காரவைத்துப் போர்வை போர்த்தினார்கள். அன்றைக்கும் அவர் டை கட்டியிருந்தார். கழற்றச் சொல்ல தெல்மாவுக்கு மனம் வரவில்லை. பின்சீட்டில் பாத்திரப் பெட்டிகளுக்கு நடுவில் அவள் இடுங்கிக்கொண்டாள்.

முன்னறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. கவுண்டருக்குப் பின்னால், கோட்டும் டையும் அணிந்து, பெரிக்ரின் ஹாஸ்கட் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். மாவட்டத்து வண்டி ஒன்று பக்கத்து ஊருக்கு வந்திருப்பதாக முந்தின நாள் வதந்தி. வேறு யாரும் உட்கார முன்வரவில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் மாவிஸ் நின்றுகொண்டிருந்தாள். அவள் குரல் தெரு வரைக்கும் கேட்டது.

“ஸ்டோக்பரிக்கு பஸ் எப்போ?”

“இது தபால் கவுண்டர், மிஸஸ் பியூ.”

“அப்படியா. அப்போ தபால் எப்போ போகும்?”

அதற்கு என்ன பதில் வந்தது என்று கேட்கவில்லை. ரோவினா காரைக் கிளப்பினாள். சிரில் கண்ணாடிக்கு வெகு அருகில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு அது, உள்ளே?”

“புது ஆள்,” என்றாள் தெல்மா.

“பாவம்,” என்றார் சிரில். “அங்கே நிஜமா ஒருத்தரும் வரமாட்டாங்க. அவன்கிட்ட யாராவது சொல்லணும்.”

 பின்பார்வைக் கண்ணாடியில் ரோவினாவின் கண்கள் தெல்மாவைத் தேடின.

“அவருக்குத் தெரியும் சிரில்.”

“தெரிஞ்சுமா உட்கார்ந்திருக்கான்?”

தெல்மா இருக்கைகளுக்கு நடுவே கையை நீட்டி அவர் தோளைத் தொட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே பார்த்தபடி டையின் முடிச்சை மெதுவாகத் தளர்த்திக்கொண்டிருந்தார்.